பார்க்காமல் எழுதிய பறவைகள்

(பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியபோது, எதைப் பற்றி எழுதுவது என்று பல நாள் யோசித்தேன். கல்விச் சுற்றுலாவைப் பற்றி எழுதலாம் என்றால் நான் சுற்றுலாவுக்குப் போகவில்லை. விண்வெளியைப் பற்றி எழுதலாம் என்றால் அதற்கு இயற்பியல் துறையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். கடைசியில், நான் செய்த ஒரு தவற்றையும், அதைத் திருத்திக்கொள்ள நடந்த மூன்று கிலோமீட்டர் தூரத்தையும் எழுதுவது என்று முடிவு செய்தேன். படிப்பவர்களில் சிலர் இதே தவற்றைச் செய்திருக்கக்கூடும். அவர்கள் என்னை மன்னிப்பார்கள்.

எங்கள் துறையில் களப்பயணக் குறிப்பேடு ஒன்று ஒப்படைக்க வேண்டும். அவரவர் ஊருக்கு அருகிலுள்ள நீர்நிலைக்குச் சென்று, அங்கே கண்ட பறவைகளைப் பட்டியலிட்டு, எண்ணிக்கை குறித்து, படமும் வரைய வேண்டும். நான் என்ன செய்தேன்? சென்ற ஆண்டு படித்த அக்கா ஒருவரின் குறிப்பேட்டை ஓர் இரவுக்குக் கடன் வாங்கினேன். அதில் இருந்த இருபத்தாறு பறவைகளையும் அழகான கையெழுத்தில் பெயர்த்து எழுதினேன். வண்ணப் பென்சிலால் அலகு, கால், இறகு எல்லாம் தீட்டினேன். 'இடம்' என்ற வரியில் கேளம்பாக்கம் உப்பங்கழி என்று போட்டேன். 'நாள்' என்ற வரியில் ஆகஸ்ட் 15 என்று போட்டேன். விடுமுறை நாளாயிற்றே, நம்புவார்கள் என்று எண்ணினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து குறிப்பேடுகள் திரும்பி வந்தன. என்னுடையதில் கையெழுத்து இல்லை. இரண்டு இடங்களில் மட்டும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. ஒன்று, ஆகஸ்ட் 15. மற்றொன்று, பதினேழாவது பறவையாகிய ஊசிவால் வாத்து. இரண்டு வட்டங்களையும் ஒரு கோடு இணைத்திருந்தது. வேறு ஒரு சொல்லும் இல்லை.

ஊசிவால் வாத்து வலசை வரும் பறவை. வடக்கே குளிர் மிகும்போது புறப்பட்டு, ஐப்பசி, கார்த்திகையில் நம் நாட்டு நீர்நிலைகளுக்கு வந்து, பங்குனிக்குள் திரும்பிவிடும். ஆகஸ்ட் மாதத்தில் அது சைபீரியா போன்ற வட நிலங்களில் குஞ்சுகளோடு இருக்கும். அக்கா போனது ஜனவரியில். அவர் எழுதியது சரி. நான்தான் சுதந்திர தினத்தன்று அதைக் கேளம்பாக்கத்துக்கு வரவழைத்துவிட்டேன்!

பேராசிரியர் என்னைத் தனியே அழைத்தார். "நீ கேளம்பாக்கம்தானேம்மா? பக்கத்தில் இருந்துகொண்டே ஏன் போகவில்லை?" என்று கேட்டார்.

"பஸ் கிடைக்கவில்லை, சார்" என்றேன்.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்துக்குப் பஸ்! அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மாசி மாதம் தண்ணீர் வற்றத் தொடங்கும். அப்போது ஒரு நாள் போய்ப் பார். பார்த்ததை மட்டும் எழுதிக் கொண்டு வா" என்று சொல்லி, துறையின் பைனாகுலரைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு உண்மையான விடையை இப்போது எழுதுகிறேன். என் தாயார் அந்த உப்பங்கழியை ஒட்டிய உப்பளத்தில் பதினான்கு ஆண்டுகள் கூலி வேலை பார்த்தவர். பாத்தியில் உப்பை வாரி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து கரையில் கொட்டும் வேலை. பள்ளியில் படிக்கும்போது ஒருத்தி என்னை 'உப்புக்காரி பொண்ணு' என்று கூப்பிட்டாள். அன்று முதல் அந்தக் கரைப்பக்கம் நான் போவதில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். "அம்மா சிறுசேரியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார்" என்று சொன்னேன். அது பொய்யில்லை. அம்மா இப்போது அங்கேதான் தரை துடைக்கிறார். பொய் சொல்லாமலே உண்மையை மறைக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறியவுடன் நான் செய்த காரியம் இது.

பைனாகுலரைக் கண்டதும் அம்மா, "என்னாடி இது?" என்று கேட்டார். பறவை பார்க்க வேண்டும், கழிக்கரைக்குப் போக வேண்டும் என்றேன்.

"அங்க தனியாப் போவாத. கரை அங்கங்க உள்வாங்கியிருக்கும். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நான் வரேன்."

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு இருவரும் புறப்பட்டோம். எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: பழைய மாமல்லபுரம் சாலையும், வண்டலூரிலிருந்து வரும் சாலையும், கோவளம் போகும் சாலையும் கூடும் இடம் கேளம்பாக்கம். மேற்கே பார்த்தால் அடுக்குமாடி வீடுகள், கண்ணாடிக் கட்டடங்கள். கிழக்கே கோவளம் சாலையில் சற்று தூரம் போனால் வீடுகள் முடிந்து வானம் தாழ்ந்துவிடுகிறது. சாலையின் இருபுறமும் தண்ணீர். முட்டுக்காடு முகத்துவாரத்தின் வழியே உள்ளே வரும் கடல்நீரும், மழைக்காலத்தில் ஏரிகளிலிருந்து வடிந்து வரும் நன்னீரும் கலக்கும் கழி அது. இடையிடையே உப்பளத்துக் கரைகள் நேர்க்கோடுகளாகக் கிடக்கின்றன.

சாலையை விட்டு இறங்கி அத்தகைய ஒரு கரையில் நடந்தோம். மேடு பள்ளம் இல்லாத நடை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. அம்மா முன்னே, நான் பின்னே. இருபுறமும் உமரிச் செடி சிவந்து படர்ந்திருந்தது. காலடியில் மண் சில இடங்களில் வெள்ளையாகப் பூத்து, மிதித்தால் அப்பளம் போல் நொறுங்கியது. ஒரு கீரி கரையைக் குறுக்கே கடந்து சீமைக் கருவேலம் புதருக்குள் மறைந்தது. எங்களைக் கண்ட ஆட்காட்டி ஒன்று ஊரையே எழுப்புவது போல் கத்திக்கொண்டு பறந்தது.

தூரத்தில் பக்கிங்காம் கால்வாய் ஒரு கோடாகத் தெரிந்தது. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிச் சிறிது சிறிதாக நீட்டப்பட்ட கால்வாய் அது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரையே வைத்தார்கள். தெற்கே மரக்காணம் வரை நீளும் அதில் ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. வெட்டியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று முன்னே நடந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தபோது இந்த எண்ணம் வந்தது.

அம்மா வேலை பார்த்த பாத்திகளில் இப்போது உப்பு வாருவதில்லை. வரப்புகள் மட்டும் மிச்சம். ஆனாலும் அவர் ஒவ்வொரு பாத்தியையும் அடையாளம் சொன்னார். "இது மொத தண்ணி நிக்கற எடம். மூணு டிகிரி இருக்கும். வெயில்ல காஞ்சு அடுத்ததுக்குப் போவும்போது பத்து, பதினஞ்சு ஆவும். இருபத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் உப்பு கட்டும். முப்பதத் தாண்டுனா கசக்கும், அத வெளிய விட்டுடணும்."

நான் நின்றுவிட்டேன். போமே அளவுகோலைப் பற்றித் துணைப்பாட வேதியியலில் படித்திருக்கிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். அந்த நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது சோற்றுப்பு படிகமாகத் தொடங்கும். அதற்குப் பின் எஞ்சும் நீரில் மெக்னீசியம் உப்புகள் மிகுந்து கசக்கும். தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கினேன். அம்மாவுக்கு அது கால் வழியாகவே தெரிந்திருக்கிறது.

"டிகிரியெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நீ ஒரு டிகிரிக்கு மூணு வருஷம் படிக்கிற. நான் தெனம் இருபத்தஞ்சு டிகிரி பாத்தவ" என்று சொல்லிச் சிரித்தார்.

நீரின் உப்புக்குத் தக்கபடி பறவைகளும் மாறுவதை அன்று கண்ணால் கண்டேன். கால்வாயை ஒட்டிய ஆழமான நீரில் நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. ஓரத்தில் வெண்கொக்குகளும் சாம்பல் நாரைகளும் தவம் செய்தன. மீன்கொத்தி ஒன்று கம்பத்தில் அமர்ந்திருந்தது. கூழைக்கடாக்கள் ஐந்து, படகுகளைப் போல ஒரே வரிசையில் மிதந்தன. இவை எல்லாம் மீன் தின்பவை. உள்ளே செல்லச் செல்ல, நீர் வற்றி உப்பு ஏறிய பாத்திகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

"மீனு இருக்கற தண்ணில கொக்கு நிக்கும். மீனு செத்துப்போற தண்ணில செவப்பு நாரை நிக்கும்" என்றார் அம்மா.

சிவப்பு நாரை என்று அவர் சொன்னது பூநாரையை. மூன்றாவது வளைவில் திரும்பியதும் அவை தெரிந்தன. பின்னால் சூரியன் எழுந்துகொண்டிருந்தது. முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில், நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தன. பிற பறவைகள் அலகை நேராக வைத்துத் தின்னும்; பூநாரையோ மேல் அலகு கீழாக இருக்கும்படி கவிழ்த்து, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளியேற்றிச் சல்லடை போல வடிகட்டி உண்ணும். மீன் வாழ முடியாத உப்பு நீரிலும் ஆர்ட்டீமியா என்னும் சிறிய இறால் இனம் வாழும். ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அதன் முட்டை காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தாலும் நீர் பட்டதும் பொரிக்கும். அந்த இறாலிலும் நுண்பாசியிலும் உள்ள நிறமிகளே பூநாரைக்குச் செந்நிறம் தருகின்றன. குஞ்சாக இருக்கும்போது அது சாம்பல் நிறம்தான். நம் நாட்டில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில். அந்த இடத்துக்குப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1945இல் நேரில் சென்று ஆராய்ந்தார். சேற்றைக் கூம்பு போலக் குவித்து, அதன் உச்சியில் ஒரே ஒரு முட்டை இடுமாம்.

இவை எல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். ஆனால் ஒரு பூநாரை இறக்கையை விரிக்கும்போது, உள்ளிருந்து செக்கச் சிவந்த நிறமும் கருநிற ஓரமும் திடீரென்று தெரியும் என்பதை எந்தப் பென்சிலாலும் நான் தீட்டவில்லை. பைனாகுலர் என் கையில் நடுங்கியது. எங்கள் வீட்டுக்கு இவ்வளவு அருகில் ஆண்டுதோறும் இது நடந்துகொண்டிருந்தது. நான் பேருந்துக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் இது நடந்துகொண்டிருந்தது.

அருகே நெட்டைக் கால்களோடு கறுப்பு வெள்ளைப் பறவைகள் நடந்தன. "பவளக்கால் உள்ளான்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். "அதுவா? அது மேஸ்திரி" என்றார் அம்மா. உப்பளத்துப் பெண்கள் வைத்த பெயராம். கால் நனையக்கூடாது என்பது போல எட்டி எட்டி வைத்து, எல்லாப் பாத்தியையும் எட்டிப் பார்த்துக்கொண்டு போகுமாம். பைனாகுலரில் மறுபடி பார்த்தேன். பெயர் அப்படியே பொருந்தியது. இனி எந்தப் பரீட்சையிலும் அந்தப் பறவையை நான் மறக்கமாட்டேன்.

சேற்றில் எலி ஓடுவது போல் ஓடி ஓடி நின்ற சிறு பறவையின் பெயர் உப்புக்கொத்தி. அதற்கு இந்தப் பெயர் வந்தது உப்பளத்தில் காணப்படுவதால் போலும். ஆனால் அது தின்பது உப்பையல்ல, புழு பூச்சிகளை. அதனினும் சிறிய கொசு உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்தன. கைப்பிடிக்குள் அடங்கும் உடல். ஏறத்தாழ 25 கிராம் எடை. ஆர்க்டிக் பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இங்கே வருகின்றன. நானோ வீட்டிலிருந்து நடந்து வர பஸ் இல்லை என்றேன்!

எண்ணத் தொடங்கினேன். பூநாரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருந்ததால் எண்ணியதையே எண்ணினேன். முதல் முறை 57 வந்தது. இரண்டாம் முறை 71. அப்போது பூனைப்பருந்து ஒன்று நாணல் மேல் தாழப் பறந்து வரவே, கொசு உள்ளான்கள் அத்தனையும் புகை போல் எழுந்து சுழன்றன. எல்லாம் குழம்பிவிட்டது.

அம்மா கரையில் குந்தினார். "ஓடறதுக்குப் பின்னாடி நீயும் ஓடுனா எப்படி எண்ணுவ? அந்தக் கம்பத்தப் புடிச்சிக்க. அதத் தாண்டறத மட்டும் எண்ணு. பத்துக்கு ஒரு கல்லு வையி." கூடை எண்ணும் முறை அது. அவர்கள் நாளைக்கு எத்தனை கூடை கொட்டினார்கள் என்பதை ஒருவர் ஒரே இடத்தில் நின்று, தாண்டிப் போகும் கூடைகளை மட்டும் எண்ணுவாராம். அந்தக் கணக்கில் ஏமாறாமல் இருக்க, பெண்கள் தாங்களும் முந்தானையில் கல் முடிந்து வைப்பார்களாம். கூலி அதைப் பொறுத்ததல்லவா?

பூநாரைகள் மேற்குப் பக்கமாக நகர்ந்து கம்பத்தைக் கடந்தன. நான் எண்ணினேன், அம்மா கல் வைத்தார். ஆறு கற்கள், மேலும் நான்கு. அறுபத்து நான்கு. அம்மாவுக்குக் கண் கூசிக் கண்ணீர் வழிந்தது. வெள்ளை உப்பின் மேல் விழும் வெயிலை ஆண்டுக்கணக்கில் பார்த்த கண்கள் அவை. பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பதினாலு வருஷம் இதுங்க பக்கத்துல நின்னேன். நிமிந்து பாக்க எங்க நேரம் இருந்துச்சு?" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் கரையோரம் கொட்டியிருந்த கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் கண்டோம். கழி சிறிது சிறிதாக மேடாகிறது. நம் மாவட்டத்தில்தான் வேடந்தாங்கல் இருக்கிறது. அங்கே பறவைகளைச் சுட வேண்டாம் என்று ஊர் மக்கள் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நாங்கள் நடந்த கரையில் பெயர்ப்பலகைகூட இல்லை. ஆனால் முதலில் ஒரு பலகை வேண்டுமா, அல்லது அதன் பெயரைச் சொல்ல வெட்கப்படாத ஊர்க்காரர் வேண்டுமா என்று நினைத்தபோது எனக்கே சுருக்கென்றது.

அன்றிரவு புதிய குறிப்பேடு எழுதினேன். இருபத்தாறு பறவைகள் பதினொன்றாகக் குறைந்தன. ஊசிவால் வாத்து இல்லை. அன்று நான் ஒன்றைக்கூடக் காணவில்லை. பன்னிரண்டாவது வரியில், 'பழுப்பு நிறம், நீண்ட அலகு, ஒன்று, பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன். படங்கள் முன்பைவிட மோசம். 'வழிகாட்டி' என்று ஒரு வரி உண்டு. அக்காவின் குறிப்பேட்டில் அங்கே பேராசிரியரின் பெயர் இருந்தது. நான் என் தாயாரின் பெயரை எழுதி, பக்கத்தில் 'முன்னாள் உப்பளத் தொழிலாளர்' என்றும் எழுதினேன்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எம் பேர எதுக்கு எழுதன? காலேஜுல கூப்புட்டுக் கேள்வி கேப்பாங்களா?" என்று பயந்தார்.

பேராசிரியர் குறிப்பேட்டை முழுவதும் படித்தார். பன்னிரண்டாவது வரியில் சற்று நின்றார். வழிகாட்டி என்ற வரியில் இன்னும் சற்று நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டு, "அடுத்த ஆண்டு வகுப்பு முழுவதையும் அழைத்துப் போகலாமா? அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வசதிப்படுமா என்று கேள்" என்றார்.

கேட்டேன். வசதிப்படுமாம்.

ஆகவே தோழர்களே, தோழியரே, அடுத்த மாசி மாதம் எங்கள் ஊருக்கு வாருங்கள். பளிச்சென்ற உடை வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் போதும். கரையில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். உரக்கப் பேசக் கூடாது. பறவை தலை நிமிர்த்திப் பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். முன்னே நடப்பவர் என் அம்மா. உப்பளத்தில் வேலை பார்த்தவர்.